தேய்ந்த பிரஷும் தேயும் தோளும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்ய வாரம் இருமுறை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வண்டியின் பக்கவாட்டில் அலுமினியக் கம்பு ஒன்று கட்டியிருக்கும். வாளிக்குள் நீல நிறப் பிரஷ் ஒன்று கிடக்கும். அதன் நார்கள் இரண்டு பக்கமும் மல்லாந்து, பழைய பல் துலக்கும் பிரஷைப் போல இருக்கும். அந்தப் பிரஷைக் கம்பில் மாட்டிக்கொண்டு குளத்தின் ஓரத்தில் நின்று, கைகளைத் தண்ணீருக்கு மேலே நீட்டிச் சுவரைத் தேய்க்கத் தொடங்குவார். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அன்று அவருக்கு அது முதல் குளம்தான். இன்னும் இரண்டோ மூன்றோ காத்திருக்கும்.

ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். "மருந்து போட்டா பாசி செத்துடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க, சார். செத்தா மட்டும் என்ன? ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு! அதை எடுக்கிறதுக்குள்ள என் தோளு போயிருது" என்றார்.

பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். அவர் சொன்ன வாக்கியங்களில் இரண்டு அறிவியல் உண்மைகள் இருப்பதை உணர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒன்று, பிரஷ் செய்யும் வேலையை மருந்து செய்யாது. மற்றொன்று, மோசமான பிரஷின் குறையை மனித உடல் ஈடுகட்டுகிறது. நீச்சல் குளத்துக்காக நாம் வாங்கும் பொருள்களிலேயே மலிவானது பிரஷ்தான். அதை யோசித்து வாங்குவதே இல்லை. இது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மின்விசிறி இறக்கையில் தூசு

பலர் கேட்கும் கேள்வி இது: "பம்ப் ஓடுகிறது, வடிகட்டி இருக்கிறது, தண்ணீர் சுழன்றுகொண்டேதான் இருக்கிறது. பிறகு சுவரை ஏன் தேய்க்க வேண்டும்?"

விடை உங்கள் வீட்டுக் கூரையிலேயே தொங்குகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அதன் இறக்கையை விரலால் தடவிப் பாருங்கள். நாள் முழுவதும் காற்றைக் கிழித்துக்கொண்டு சுழலும் இறக்கையின் மேல் கறுப்பாகத் தூசு படிந்திருக்கும். இவ்வளவு வேகத்தில் சுற்றும் பொருளிலிருந்து தூசு பறந்துபோயிருக்க வேண்டாமா?

போகாது. காற்றாகட்டும், தண்ணீராகட்டும், ஒரு திடப்பொருளை உரசிச் செல்லும்போது அதன் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கு அந்தப் பரப்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. பரப்பிலிருந்து விலக விலகத்தான் வேகம் கூடுகிறது. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1904ஆம் ஆண்டில் இதை 'எல்லைப் படலம்' என்று விளக்கினார். விமான இறக்கைகளை வடிவமைக்க இன்றும் இந்தக் கருத்துதான் அடிப்படை. மின்விசிறியில் தூசு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீச்சல் குளத்திலும் இதே கதைதான். பம்ப் எவ்வளவு வலுவாக இருந்தாலும், சுவரைத் தொடும் நீர் அடுக்கு ஏறக்குறைய அசைவற்றே இருக்கும். படிக்கட்டின் மூலைகள், ஏணியின் பின்புறம், டைல்ஸ் இடுக்குகள் ஆகிய இடங்களில் நீரோட்டம் இன்னும் மந்தம். பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது இத்தகைய அமைதியான இடம்தான். அந்த அடுக்கைக் கலைக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று சுவரைத் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

பல் சொல்லும் பாடம்

சுவரில் ஒட்டும் பாக்டீரியா தனித்தனியாக இருப்பதில்லை. ஒட்டியதும் சர்க்கரைப் பொருள்களும் புரதங்களும் கலந்த ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்கும். இதற்கு நுண்ணுயிர்ப் படலம் என்று பெயர். குளத்துச் சுவரைத் தொட்டால் வழவழப்பாக இருக்கிறதே, அதுதான் இது. பாசியின் பச்சை நிறம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த வழவழப்பு வந்துவிடும்.

இந்தப் படலத்துக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள், தண்ணீரில் தனியே மிதப்பவற்றைவிட மருந்தைப் பல மடங்கு தாங்கும். காரணம் எளியது. குளோரின் எதிர்ப்படும் கரிமப் பொருளோடெல்லாம் வினைபுரியும். படலத்தின் வெளிப்புறப் பசையோடும் அங்குள்ள உயிர்களோடும் போராடுவதிலேயே அது செலவாகிவிடுகிறது. உள்ளே போய்ச் சேர்வது கொஞ்சம்தான்.

இந்த உண்மை 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த ஆண்டனி வான் லீவன்ஹூக், தம் பற்களில் படிந்த காரையைத் தாமே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, அதற்குள் சின்னஞ்சிறு உயிர்கள் நெளிவதை 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். வினிகர் கொண்டு வாயைக் கொப்பளித்தபோது காரையின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டுமே இறந்தன என்பதையும் அவர் கவனித்தார்.

பற்காரையும் ஒரு நுண்ணுயிர்ப் படலம்தான். வாய் கொப்பளிக்கும் மருந்து எத்தனை வந்தாலும் பல் மருத்துவர் "பிரஷ் செய்யுங்கள்" என்றுதான் சொல்கிறார். மருந்தால் மட்டும் பல்லைக் காக்க முடியாது என்பது நமக்குப் புரிகிறது. குளம் என்று வரும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

பிரஷ் படலத்தைக் கிழிக்கிறது. கிழிந்த துண்டுகள் தண்ணீரில் மிதக்கின்றன. மிதப்பவற்றைக் குளோரின் கொல்கிறது, வடிகட்டி பிடிக்கிறது. சுவரிலிருந்து பிரித்து எடுப்பது, கொல்வது, வடிப்பது என்று வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. முதல் வேலை நடக்காவிட்டால் மற்ற இரண்டும் பாதி வேலைதான்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமன்று. நீச்சலுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வரும் வெளிக்காது அழற்சிக்கு அடிக்கடி காரணமாக இருக்கும் பாக்டீரியாக்களில் ஒன்று சூடோமோனஸ் ஏருஜினோசா. இது நுண்ணுயிர்ப் படலங்களில் வாழ்வதில் கைதேர்ந்தது. வழுக்கும் படிக்கட்டு வயதானவர்களுக்கு என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தைக் கூட்டினால் போதாதா?

குளம் பச்சை தட்டினால் நிர்வாகங்கள் முதலில் செய்வது குளோரினைக் கூடுதலாகக் கொட்டுவதுதான். சில வேளைகளில் அது தேவையும்கூட. 2016 ரியோ ஒலிம்பிக்கின்போது முக்குளிப்புப் போட்டிக்கான குளம் திடீரெனப் பச்சையாக மாறியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். யாரோ குளத்தில் ஊற்றிய ஹைட்ரஜன் பெராக்சைடு குளோரினின் வேலையைக் கெடுத்துவிட்டது, பாசி பெருகிவிட்டது. மருந்து இல்லாத குளம் சில நாள்களிலேயே கெட்டுவிடும் என்பதற்கு உலகமே சாட்சியானது. ஆகவே பிரஷ் மட்டும் போதும் என்று நான் வாதாடவில்லை.

ஆனால் மருந்துக்கும் வரம்புகள் உண்டு. குளோரினைத் தண்ணீரில் கலந்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. கிருமிகளைக் கொல்லும் வலிமை பெரும்பாலும் இதற்குத்தான். தண்ணீரின் பிஎச் அளவு 7.5ஆக இருக்கும்போது குளோரினில் ஏறக்குறையப் பாதி இந்த வடிவில் இருக்கும். பிஎச் 8ஐ எட்டினால் அது சுமார் கால் பங்காகக் குறைந்துவிடும். அதாவது மருந்து கொட்டிய காசில் பெரும்பகுதி வீண்.

வெயிலும் ஓர் எதிரி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைக்கின்றன. பாதுகாப்புப் பொருளான சயனூரிக் அமிலம் சேர்க்காத குளத்தில், நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே குளோரினில் பாதிக்கு மேல் காணாமல் போகக்கூடும். அமிலம் சேர்த்தால் குளோரின் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் அதன் கொல்லும் வேகம் குறைந்துவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குளத்தில் குளோரின் குறைந்தது 10 லட்சத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. சயனூரிக் அமிலம் கலந்திருந்தால் இரண்டு பங்கு வேண்டும் என்கிறது.

இதோடு நம் ஊர்ப் பருவநிலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குளத்தை மூடிவைக்கும் குளிர்காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீர். பகலில் கடும் வெயில், மாலையில் கொட்டும் மழை. மழை மருந்தை நீர்த்துப்போகச் செய்கிறது. தரையிலும் செடிகளிலும் உள்ள சத்துகளைக் குளத்துக்குக் கொண்டுவந்து பாசிக்கு விருந்து வைக்கிறது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும் என்று சொன்னால், நமக்கு இருமுறையாவது வேண்டும்.

சுவரில் படலம் தடித்துக் கிடக்கும் குளம் எவ்வளவு குளோரினையும் விழுங்கும். விழுங்கிய குளோரின் வியர்வை, சிறுநீர் முதலியவற்றின் நைட்ரஜனோடு சேர்ந்து குளோரமைன்களாக மாறும். 'குளோரின் வாடை' என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்வதும், கண் எரிவதும் பெரும்பாலும் இவற்றால்தான். வாடை அதிகம் என்றால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அழுக்கு அதிகம் என்பதே அதன் பொருள்.

தோள் ஏன் வலிக்கிறது?

தேய்த்தே ஆக வேண்டும் என்றால், தேய்ப்பவரின் உடலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் ஒரு பொருளை நகர்த்தும்போது ஏற்படும் எதிர்ப்பு, வேகத்தின் இருமடியாகக் கூடும். பிரஷை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதற்குச் செலவிடும் திறன் எட்டு மடங்காகும். குளப் பிரஷ்கள் பொதுவாக 45 சென்டிமீட்டர் அகலம். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று அவசரப்படும் தொழிலாளி, தம் வலுவில் பெரும்பகுதியைப் பாசியோடு அன்று, தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில் இழக்கிறார்.

அடுத்தது கோணம். கரையில் நின்று காலடியிலுள்ள சுவரைத் தேய்ப்பவரின் கம்பு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். தள்ளும் வலு கீழ்நோக்கிப் போகுமே தவிர, சுவரை நோக்கிப் போகாது. பிரஷ் சுவரை விட்டு விலகி மிதக்கப் பார்க்கும். அதைச் சுவரோடு அழுத்துவதற்காக அவர் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே நீட்டி, இடுப்பை வளைத்து, கம்பைச் சாய்வாகப் பிடிக்கிறார். 15 பாகை சாய்த்தால்கூட, அவர் தள்ளும் வலுவில் 100க்கு 26 பங்குதான் சுவரை அழுத்தும். 10 பாகை என்றால் 17 பங்கு. அழுத்தம் போதாததால் ஒரே இடத்தை மூன்று நான்கு முறை தேய்க்கிறார். நீட்டிய கையோடும் வளைந்த முதுகோடும் ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்வது தோள் தசைநார்களுக்கு எவ்வளவு கெடுதல் என்பதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை.

மூன்றாவது, கம்பு. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் வலுக் கொடுத்தால் கம்பு வளையும். அந்த வளைவு நீளத்தின் மும்மடியாகக் கூடும். 2.4 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வளையும் கம்பு, அதே தடிமனில் 4.8 மீட்டருக்கு நீண்டால் எட்டு சென்டிமீட்டர் வளையும். நீட்டிச் சுருக்கும் கம்புகளில் உட்குழாய் மெலிதாக இருப்பதால் வளைவு இன்னும் கூடும். பூட்டும் திருகு தேய்ந்திருந்தால் கம்பு நழுவிச் சுழலும். கொடுக்கும் வலுவில் ஒரு பகுதி கம்பை வளைப்பதிலேயே போய்விடும்.

கடைசியாக நார்கள். நார் தன் நுனியால் சுரண்ட வேண்டும். வெயிலிலும் குளோரினிலும் கிடந்து வலுவிழந்து மல்லாந்த நார், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தினால் இன்னும் மல்லாக்கும். எங்கள் குளத்துப் பிரஷ் செய்துகொண்டிருந்தது சுரண்டல் அன்று, தடவல்.

நல்ல பிரஷ் எது?

வீணாகும் வலுவை வேலைக்குத் திருப்பிவிடுவதே நல்ல கருவியின் இலக்கணம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் விளம்பர வார்த்தைகளில் ஏமாற மாட்டோம்.

முதலில் சுவரைப் பாருங்கள். நம் அடுக்குமாடிக் குளங்களில் பெரும்பாலும் டைல்ஸ்தான். அதற்கு நைலான் நார் ஏற்றது. கண்ணாடி இழைக் குளத்துக்கும் வினைல் விரித்த குளத்துக்கும் மெல்லிய நைலான்தான் வேண்டும். கம்பி நார் அவற்றைக் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் பாசி இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். கம்பி நார் சிமெண்டுப் பூச்சுக் குளங்களுக்கு மட்டுமே. அதுவும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி உடைந்து குளத்தில் விழுந்தால், அந்த இடத்தில் துருக் கறை படியும்.

கருப்புப் பாசி என்று நாம் சொல்வது உண்மையில் பாசி இனத்தைச் சேர்ந்ததன்று, அது சயனோபாக்டீரியா. மேலே பாதுகாப்புப் போர்வை, கீழே சிமெண்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிய பிடிப்பு என்று வாழ்வது. மேல் போர்வையை நாரால் உடைத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். டைல்ஸ் இடுக்கில் அது வந்துவிட்டால் 45 சென்டிமீட்டர் பிரஷ் உதவாது. கைப்பிடியளவே உள்ள, அடர்த்தியான நாருடைய சிறிய பிரஷ் தேவை.

நாரின் தடிமனும் முக்கியம். ஒரே நீளமுள்ள நாரின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு 16 மடங்காகிறது. ஆகவே 'கொஞ்சம் தடித்த நார்' என்பது கொஞ்ச வித்தியாசமன்று. கடையில் விரலால் வளைத்துப் பார்த்து, உடனே நிமிர்ந்து நிற்கும் நாரைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வடிவம். இரண்டு ஓரங்களும் மேல்நோக்கி வளைந்த பிரஷ், சுவரும் தரையும் சேரும் வளைவில் நன்றாகப் பொருந்தும். முதுகில் துளைகள் கொண்ட பிரஷில் தண்ணீர் புகுந்து வெளியேறுவதால் எதிர்ப்புக் குறையும். படிக்கட்டு மூலைகளுக்கு எல்லாப் பக்கமும் நார் உள்ள உருண்டைப் பிரஷ் உதவும்.

அண்மைக் காலமாகக் கிடைக்கும் இன்னொரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. பிரஷின் முதுகில் சாய்வான தகடு ஒன்று இருக்கும். கீழ்நோக்கித் தள்ளும்போது அந்தத் தகடு தண்ணீரைக் குளத்தின் நடுப்பக்கமாகத் தள்ளிவிடும். பதிலுக்குத் தண்ணீர் பிரஷைச் சுவர்ப்பக்கமாகத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. காற்றாடியை மேலே ஏற்றுவதும் இதே விசைதான். கையை நீட்டிக் கம்பைச் சாய்த்து அழுத்த வேண்டிய வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. தொழிலாளி நிமிர்ந்து, கையை உடலுக்கு அருகில் வைத்துக்கொண்டே தள்ளலாம். இதிலும் குறை உண்டு. கீழ்நோக்கித் தள்ளும்போது மட்டுமே பயன். மேலே இழுக்கும்போது பிரஷ் சுவரை விட்டு விலகும். மிக மெதுவாகத் தள்ளினால் அழுத்தம் கிடைக்காது. ஆழமற்ற ஓரங்களில் பெரிய உதவி இராது. ஆனால் ஆழமான சுவர்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கம்பைப் பொறுத்தவரை, கார்பன் இழைக் கம்பு அலுமினியத்தைவிட இலேசானது, விறைப்பானது. கார்பன் இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7. விலை கூடுதல்தான். வாங்க இயலாவிட்டால், தடிமனான குழாயும் உறுதியான பூட்டும் கொண்ட அலுமினியக் கம்பே போதும். தேவைக்கு மேல் நீட்டக் கூடாது. ஓர் எச்சரிக்கை: இரண்டு வகைக் கம்புகளுமே மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி செல்லும் இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும்.

முறையும் கருவியைப் போலவே முக்கியம். பம்ப் ஓடும்போது தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழாக, ஆழமற்ற பக்கத்திலிருந்து ஆழமான பக்கத்தை நோக்கிப் போக வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் முந்தையதன் மேல் சற்றே படிய வேண்டும். கூடுதல் குளோரின் போடுவதாக இருந்தால், தேய்த்த பிறகு மாலையில் போடுவது நல்லது. இரவு முழுவதும் வெயிலின் தொல்லையின்றி மருந்து வேலை செய்யும்.

ரோபோ வந்துவிட்டதே?

நல்ல கேள்விதான். ரோபோ இயந்திரம் பரந்த தரையை நன்றாகவே தேய்க்கும். சுவர் ஏறும் வகைகளும் உண்டு. வசதியுள்ள நிர்வாகங்கள் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் படிக்கட்டு, ஏணியின் பின்புறம், குறுகிய மூலை, வழிந்தோடும் கால்வாயின் விளிம்பு ஆகியவை அதற்கு எட்டாதவை. பாசி முதலில் பிடிப்பதும் அங்கேதான். ரோபோ வந்த பிறகும் கையில் ஒரு பிரஷ் தேவைப்படும். நம்மில் பலருடைய குடியிருப்பு ரோபோவை வாங்கப் போவதுமில்லை. பிரஷையாவது ஒழுங்காக வாங்கலாமே.

யார் பொறுப்பு?

எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். அதற்கு முன்புதான் குளத்தைச் சுற்றி அலங்கார விளக்கு போடுவது பற்றி அரை மணி நேரம் விவாதித்திருந்தார்கள். பிரஷ் என்றதும் சிலர் சிரித்தார்கள். "அது குத்தகையாளர் பார்த்துக்கொள்வார், நமக்கென்ன?" என்று பதில் வந்தது.

நமக்குத்தான் பொறுப்பு. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, நீச்சல் குளம் போன்ற பொதுச் சொத்தைப் பராமரிக்கும் கடமை நிர்வாக அமைப்பைச் சேர்ந்தது. வேலையைக் குத்தகைக்கு விடலாம். பொறுப்பை விட முடியாது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தங்கள், வேலையைக் குத்தகைக்குக் கொடுப்பவருக்கும் கடமைகளை விதிக்கின்றன. வேலையிடத்தில் உள்ள அபாயங்களை மதிப்பிட வேண்டும் என்கின்றன. வேலைக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு வேலையிடப் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டி 2017லேயே வெளிவந்துவிட்டது. சிங்கப்பூரிலும் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இடத்தின் பொறுப்பாளருக்கும் வேலையை ஒப்படைப்பவருக்கும் கடமைகளை வகுத்திருக்கிறது.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. குத்தகையாளர் மிகக் குறைந்த விலைக்கு வேலையை எடுக்கும்போது முதலில் குறைப்பது கருவியின் செலவைத்தான். மலிவான பிரஷ் வாங்குவார். தேய்ந்த பிறகும் மாற்ற மாட்டார். மிச்சம் பிடித்த அந்தக் காசு தொழிலாளியின் தோளில் கணக்காக ஏறுகிறது. மீதி நம் பிள்ளைகள் நீந்தும் தண்ணீரில் கலக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும்: எந்த வகைப் பிரஷ், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்த நீளக் கம்பு. அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். எல்லா வீடுகளுக்கும் பகிர்ந்தால் மாதத்துக்குச் சில காசுகள்தான் வரும்.

நாம் செய்யக்கூடியது

கூட்டத்தில் முடிவு கிடைக்காததால், நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் காசு போட்டு, முதுகில் தகடு வைத்த ஒரு பிரஷும் மூலைக்கு ஒரு சிறிய பிரஷும் வாங்கினோம். குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிட்டால் ஆகும் செலவுதான். அந்த அண்ணன் முதலில் நம்பவில்லை. "இது என்ன சார், விமானம் மாதிரி இருக்கு?" என்றார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது நிமிர்ந்து நின்று தள்ளிக்கொண்டிருந்தார். ஆழப் பகுதியில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது குறைந்திருந்தது. தோள் எப்படி என்று கேட்டேன். "வலி போகல சார். ஆனா மூணாவது குளத்துக்குப் போறப்ப கை தூக்க முடியுது" என்றார். ஒரு மனிதர், ஒரு குளம். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன இயற்பியல் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குளத்தில் இறங்கும்போது, நீர்மட்டத்துக்குக் கீழே சுவரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ கிறீச்சென்றோ இருந்தால் நல்லது. வழவழப்பாக இருந்தால், மருந்தைக் கூட்டச் சொல்வதற்கு முன் சுத்தம் செய்பவரின் வாளியில் கிடக்கும் பிரஷைப் பாருங்கள். நார்கள் மல்லாந்திருக்கிறதா? பிறகு அவரிடமே கேளுங்கள்: எந்தப் பிரஷ் இருந்தால் சுலபம்? எந்த இடம் கஷ்டம்? நாள்தோறும் அந்தச் சுவரோடு வேலை செய்பவரைவிட அதை அறிந்தவர் வேறு யாருமில்லை. அவர் சொல்வதை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிரஷைப் பற்றிப் பேசுங்கள்.